தண்ணீர் நின்ற கோடு

இந்த மேஜையில் எனக்குப் பிறகு உட்காரப்போகிற இருவருக்கும்,

நான் ஓய்வு பெறும் வயதில் இல்லை. அடுத்த மாதம் பூனாவில் வேறு வேலையில் சேரப்போகிறேன், அவ்வளவுதான். ஆனால் கல்கத்தாவில் பழைய கார்களைச் சோதித்துச் சொல்லும் இந்த வேலையை மறுபடி செய்யப்போவதில்லை என்பதால், இதைப் பொறுத்தவரை என்னை ஓய்வு பெற்றவளாகவே நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கேட்டபடி சோதனைப் பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். பட்டியல் போடுவது என் சுபாவம். மளிகைக்கும் போடுவேன், மழைக்காலத்துக்கும் போடுவேன். அந்தப் பட்டியலை நீங்கள் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அதில் அடங்காத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தாள்கள்.

நீங்கள் இருவரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்று முதலாளி சொன்னார். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம் என்று வளர்ந்திருப்பீர்கள், என்னைப் போல. எழுத்துத் தமிழ் கஷ்டமாக இருந்தால் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் தவறை இந்த ஊரில் நம் ஆட்கள் மட்டுமே செய்வார்கள்.

நம்மிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. குடும்பத்துக்குக் கார் வாங்குகிறவர் பயந்துகொண்டு வருவார். எதைச் சொன்னாலும், "அப்ப வேண்டாமா?" என்பார். ரேஸுக்கு வாங்குகிறவர் அந்த வண்டியோடு மனதளவில் ஏற்கெனவே குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார். நீங்கள் தாலி எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரு கல்லூரிப் பையன் எஞ்சின் போடும் கர்ஜனைக்காகவே ஒரு வண்டியை வாங்கினான். சைலன்சரில் ஓட்டை இருக்கிறது, அதனால்தான் கர்ஜனை என்று சொன்னேன். "அடைச்சுட்டா சத்தம் போயிடுமே அக்கா" என்று கவலைப்பட்டான். இப்படிப்பட்டவர்களிடம் கோபப்படாதீர்கள். ஆசை இல்லாமல் யாரும் பழைய காரில் வேகமாகப் போக முன்வர மாட்டார்கள்.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே, யுத்தகாலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளத்தில், மோட்டார் கிளப் பந்தயம் நடத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய் டிரம்களும் வைக்கோல் கட்டுகளும்தான் வளைவுகள். ஓட்டுகிறவர்கள் பல் வைத்தியர்கள், பேங்க் ஆபீசர்கள், தேயிலைக் கம்பெனிக்காரர்கள். புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் நாட்டில், ரேஸ் என்றால் பழைய வண்டிதான். பந்தய நாளில் அந்த வண்டிகளைப் பரிசோதித்து ஓடுதளத்துக்குள் விடும் பொறுப்பும் நம் அலுவலகத்துடையது.

சேதுராமன் அங்கே பல வருஷமாகக் கொடி அசைத்தவர். கார்டன் ரீச்சில் ரயில்வே கணக்குப் பிரிவில் அதிகாரி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. வளைவில் மஞ்சள் கொடியோடு நின்று, கடந்து போகும் ஒவ்வொரு வண்டியையும் ஏக்கமாகப் பார்ப்பார். "ஓட்ட வேண்டியதுதானே சார்" என்று யாராவது கேட்டால், "அடுத்த வருஷம்" என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே காதோரம் நரைத்துவிட்டது.

ஒரு மழைக்கால முடிவில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மார்ச்சில் ஏதோ ஒரு சின்ன ஜங்ஷனுக்குப் போக வேண்டும். அங்கே ஓடுதளமும் இல்லை, கிளப்பும் இல்லை. வரப்போகும் குளிர்காலம்தான் அவருக்கு முதலும் கடைசியும். அவர் ரேஸ் ஓட்ட மனைவி மங்களம் சம்மதித்துவிட்டார். சம்மதித்த கையோடு என்னை அலுவலகத்தில் தனியாக வந்து பார்த்தார்.

"அவர் ஜெயிக்கணும்னு எனக்கு இல்லீங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முழுசா வந்து உக்காரணும். வண்டியைப் பார்க்கும்போது அதை மட்டும் நினைச்சுக்குங்க."

நினைத்துக்கொள்கிறேன் என்றேன்.

சேதுராமன் கண்டுபிடித்த வண்டி ஒரு ஹெரால்டு. விஸ்வகர்மா பூஜை அன்று காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

"இன்ஜினியரம்மா, கிளம்புங்க. ஜாதவ்பூர்ல ஒரு கராஜ்ல நிக்குது. நம்ம ஊர் வண்டி!"

"நம்ம ஊர்னா?"

"மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, மெட்ராஸ் நம்பர் பிளேட். யோசிச்சுப் பாருங்க, இங்கத்து வண்டி எது வெள்ளத்துல குளிக்காம இருக்கு? போன பெரிய வெள்ளத்துல லேக் கார்டன்ஸ்ல படகே விட்டாங்க. இது குளிக்கலை. நம்ம ஊர்ல வெயில்ல காய்ஞ்சு கிடந்த வண்டி."

இதுதான் நான் சொன்ன தவறு. வங்காளி ஒருவர் அந்த நம்பர் பிளேட்டைப் பார்த்தால், பெயர் மாற்றுவதற்கு எத்தனை நாள் அலைய வேண்டுமோ என்று நினைப்பார். நாம் பார்த்தால் நமக்குச் சொந்தக்காரர் வந்துவிட்ட மாதிரி இருக்கும். மெட்ராஸில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கியிராத நமக்கே அப்படி. எனக்கும் அந்தப் பிளேட்டைப் பார்த்தபோது முகம் மலர்ந்தது. அதை உணர்ந்ததும், அந்தப் பக்கம் போகாமல் வண்டியின் பின்னாலிருந்து சோதனையைத் தொடங்கினேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

நாங்கள் போனபோது கராஜ் கல்யாண வீடாக இருந்தது. ஒலிபெருக்கி, வாழைக்கன்று, கலர் காகிதம். விஸ்வகர்மா சிலைக்கு முன்னால் ஸ்பேனர்களும் ஜாக்கிகளும் சுத்தியல்களும் துடைத்து எண்ணெய் பூசி, குங்குமம் வைத்து வரிசையாகப் படுத்திருந்தன. தலைமை மெக்கானிக் நிதாய்தா புதுச் சட்டையில் இருந்தார். எனக்குப் பல வருஷமாகத் தெரிந்தவர். வண்டியை ஜாக்கியில் ஏற்றச் சொன்னதும் காதைத் தொட்டுக்கொண்டார்.

"தீதி, இன்னிக்கு மட்டும் கேக்காதீங்க. வருஷம் பூரா இதுங்களை அடிக்கிறோம், முறுக்குறோம், கீழே போடுறோம். இன்னிக்கு ஒரு நாள் இதுங்களுக்கு லீவு. நாளைக்குக் காலைல வாங்க, நீங்க சொல்ற இடமெல்லாம் தட்டிக் காட்டறேன்."

"என் பையிலேயே சுத்தியல் இருக்கு, நிதாய்தா."

"உங்க சுத்தியலுக்கும் லீவுதான். சாமி உங்களுதுன்னும் எங்களுதுன்னும் பார்க்குமா? கிச்சுரி சாப்பிட்டுட்டுப் போங்க."

நான் பையை மூடிவிட்டேன். அவர் இடத்தில் அவர் வழக்கம். தவிரவும், வருஷம் முழுவதும் அவர் தயவு நமக்கு வேண்டும்.

விற்கிறவர் கோஷ்பாபு என்ற தரகர். தமிழ்க்காரர்களுக்கு விற்பதற்காகவே நாலைந்து தமிழ்ச் சொற்களைச் சேகரித்து வைத்திருந்தார். "நல்ல வண்டி, சார். நம்ம ஊர் வண்டி!" என்று தமிழில் சொல்லிவிட்டு, மீதியை வங்காளத்தில் தொடர்ந்தார். சாயங்காலம் இன்னொருவர் முன்பணத்தோடு வருகிறார், யார் முதலில் கொடுத்தாலும் வண்டி அவருக்கு. சேதுராமனுக்கு வேறு அவசரமும் இருந்தது. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க மறுநாள் மதியம்தான் கடைசி. வண்டி எண் இல்லாமல் கிளப் விண்ணப்பத்தை வாங்காது.

ஆக நிலைமை இது. கருவி எதையும் தொடக் கூடாது. நாளைக்குத் தள்ளிப்போட முடியாது. வாங்குகிறவர் ஏற்கெனவே காதலில் விழுந்துவிட்டார்.

ஹெரால்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் கொக்கியைக் கையால் தள்ளினால், முன்பக்கம் முழுவதும் ஒரு பெட்டியின் மூடி போல முன்னால் சாயும். எஞ்சின், சஸ்பென்ஷன், முன் சேஸிஸ் எல்லாம் கண்முன்னே இருக்கும். கோஷ்பாபு அதை நாடகத் திரை போலத் திறந்தார். உள்ளே எல்லாம் பளபளவென்று கறுப்பு. சேதுராமன் என்னைப் பார்த்த பார்வையில், "என்ன, சொன்னேனா இல்லையா?" என்று இருந்தது.

சுலபமாகத் தெரிகிற இடமெல்லாம் அழகாகத்தான் இருந்தது. அதனால் சுலபமாகத் தெரியாத, ஆனால் வெறுங்கை எட்டக்கூடிய இடங்களை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். பின்சீட்டு மெத்தைக்கு அடியில். டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளம். கதவுகளின் அடிவிளிம்பு. ஹெட்லைட் கிண்ணம். கடைசியாக, சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகள். மெத்தைக்கு அடியில் புது ரெக்சின். ஸ்டெப்னி பள்ளத்தில் புதுக் கறுப்பு. கதவு விளிம்பில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு ஹெட்லைட்டுக்குள் பாதிக்கு மேல் பளபளப்பு, பாதிக்குக் கீழே மங்கல். பழைய லைட் எத்தனையோ காரணத்தால் மங்கும்.

பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்துப் படுத்து, சேஸிஸ் துளை ஒன்றுக்குள் சுண்டுவிரலை விட்டேன். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் வண்டல் வந்தது. முகத்துக்குப் போடும் பவுடர் போல அவ்வளவு நைசாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நோண்டினேன். வண்டலோடு ஒரு நத்தை ஓடு உருண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது. மிளகை விடக் கொஞ்சம் பெரிது. இங்கே ஏரியிலும் குளத்திலும் கிடைக்கிற குக்ளி நத்தையின் குஞ்சு.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு கோஷ்பாபுவிடம் கேட்டேன். "இந்த வண்டி எப்பவாவது தண்ணியில நின்னிருக்கா?"

"மெட்ராஸ் வண்டி, மேடம். தண்ணி எங்கேயிருந்து வரும்?"

"இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"இப்பத்தான். கொஞ்ச நாள்."

"அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"ஐயோ மேடம், வண்டி வாங்க வந்தீங்களா, என் ஜாதகம் பார்க்க வந்தீங்களா?" என்று சிரித்தார்.

சேதுராமனைக் கராஜுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் கூட்டிப்போனேன். எல்லா மொட்டைமாடியிலும் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு பட்டம் அறுந்ததும் தெருவே, "போ-காட்டா!" என்று கத்தியது. நத்தை ஓட்டை அவர் கையில் வைத்தேன்.

அதை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு, "இது என்ன, சாதாரண நத்தை. மெட்ராஸ்ல நத்தை இல்லையா?" என்றார்.

"இருக்கும். ஆனா சேஸிஸுக்குள்ள நடந்து போய் ஏறியிருக்காது."

"சரி, தண்ணியில நின்னுச்சுன்னே வச்சுக்குவோம். சேஸிஸ் கெட்டுப்போச்சா?"

"தெரியாது. உள்ளே வண்டல் இருந்தா அது ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியில பெயிண்ட் அழகா இருக்கும். சுத்தியலால தட்டினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். இன்னிக்குத் தட்ட முடியாது."

"அப்ப வேண்டாம்ங்கிறீங்களா?"

"தெரியாதுங்கிறேன்."

"தெரியாதுன்னா? பாதி ஆமா, பாதி இல்லையா?"

"இல்ல சார். தெரியாதுன்னா தெரியாது."

அவர் முகம் சிவந்தது. "ஆசை ஆசையா உங்களைக் கூட்டிட்டு வந்தேன். தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு இன்ஜினியர் வேணுமா? எங்க ஆபீஸ் பியூனைக் கேட்டாலே சொல்லியிருப்பானே!"

இந்த இடத்தில்தான் நமக்குச் சோதனை. எதிரில் நிற்பவர் நல்லவர். அவருக்கு இது ஒரே வாய்ப்பு. சேஸிஸ் நன்றாகவும் இருக்கலாம். 'பார்த்து ஓட்டுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரும் சந்தோஷப்படுவார், நமக்கும் பழி வராது. கூடவே, நீங்கள் பெண்ணாக இருந்தால், பயத்தில்தான் மறுக்கிறாள் என்று நினைப்பார்களே என்ற எண்ணம் வந்து, இல்லாத தைரியத்தை வரவழைக்கத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உங்கள் தைரியத்துக்கு இன்னொருவர் வண்டி ஓட்டக் கூடாது.

நான் அவரிடம் சொன்னது இதுதான். "வண்டல் இருக்குன்னு நான் மறுக்கலை சார். நம்ம ஊரு, உங்க ஊரு, எந்த ஊரு வண்டியும் இங்கே ஒரு மழைக்காலம் இருந்தா தண்ணியைப் பார்க்கத்தான் செய்யும். ஆமா, தண்ணியில நின்னுச்சு, கழுவி எடுத்தோம், இதை இதை மாத்தினோம்னு அவர் சொல்லியிருந்தா, நானே வண்டி நம்பரை எழுதிக் கொடுங்கன்னு சொல்லியிருப்பேன். அவர் மறைக்கிறார். மறைக்கிறவர் கழுவியிருக்க மாட்டார், பெயிண்ட்தான் அடிச்சிருப்பார். ஓடுதளத்துக் கடைசி வளைவுல நீங்க ஓட்டப்போறது அந்தப் பெயிண்டை நம்பி."

டீ ஆறியது. அவர் குடிக்கவில்லை.

"மங்களம் உங்ககிட்ட வந்தாளா?" என்று கேட்டார்.

"வந்தாங்க."

"ம்" என்றார். ஆறிய டீக்குக் காசைக் கொடுத்தார்.

கராஜுக்குத் திரும்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அந்த இன்னொருவர் முன்கூட்டியே வந்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், கூடவே மனைவி, அவர் தோளில் தூங்கும் குழந்தை. பூஜை விடுமுறைக்கு எல்லோரும் அதே காரில் கடற்கரைக்குப் போகத் திட்டம் என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

நம் தொழிலின் விதி உங்களுக்குத் தெரியும். கண்டதை நம்மை அழைத்தவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சேதுராமன் என்னைப் பார்த்தார். "நீங்க பேச வேண்டாம். எனக்குச் சொன்னது என்னுது இல்லையா? நான் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்" என்றார். நேரே வாத்தியாரிடம் போய், நல்ல வங்காளத்தில், நத்தை ஓட்டை நீட்டி, எங்கிருந்து வந்தது என்று சொன்னார்.

வாத்தியார் நன்றி சொல்லவில்லை. "ஓகோ! என்னை விரட்டிட்டு நீங்க வாங்கிக்கலாம்னு பார்க்கிறீங்களா?" என்று சத்தம் போட்டார். கோஷ்பாபு அவருக்கு மேல் சத்தம் போட்டார்.

"நான் கிளம்பறேன் மஷாய்" என்றார் சேதுராமன். "வாங்கணும்னா வாங்குங்க. ஆனா நாளைக்கு நிதாய்தாகிட்ட ஒரு தடவை தட்டிப் பார்க்கச் சொல்லிட்டு வாங்குங்க."

வாத்தியாரின் மனைவி அந்த நத்தை ஓட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குக்ளிதான். சமைக்கிறதுக்கு நான் எத்தனை கழுவியிருக்கேன்" என்றார். பிறகு கணவரிடம், "வீட்டுக்குப் போகலாம் வா. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். வாத்தியாரும் முணுமுணுத்தபடி பின்னால் போனார்.

அந்த ஹெரால்டு பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து நிதாய்தாவைக் கேட்டேன், கோஷ்பாபு அதை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார் என்றார். அதன் சேஸிஸ் இரும்புத் தூண் போல இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தாலும் அன்று நான் சொன்னது சரிதான். இதை ஏற்றுக்கொள்ள உங்களுக்குக் கொஞ்சம் நாளாகும். எனக்கும் ஆனது. அந்த வாரத்து அறிக்கையில் 'பார்க்க இயலாதவை' என்று ஒரு தலைப்பைச் சேர்த்தேன். "இதைப் போட்டா நமக்கு வேலை தெரியலைன்னு நினைப்பாங்களே" என்று முதலாளி அந்தத் தலைப்பை அடித்துவிடப் பார்த்தார். இருக்கட்டும் என்று வாதாடி வைத்துக்கொண்டேன். இப்போதும் படிவத்தில் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

டாக்சியில் சேதுராமன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி பட்டியல்தான்.

"சார், உங்க சந்துல யார் யார்கிட்ட கார் இருக்கு?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

"டாக்டர் வீட்டுல ஒரு பத்மினி. அவர் உயிரே போனாலும் கொடுக்க மாட்டார். கோடி வீட்டுல ஒரு ஜீப், அது ஓடாது, அதுக்குள்ள கோழி முட்டை போடுது. அப்புறம் மேசோமஷாய் வண்டி" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். மேசோமஷாய் என்றால் சித்தப்பா முறை. கப்பல் தளத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அந்த வங்காளிப் பெரியவரைச் சந்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"என்ன வண்டி?"

"பழைய அம்பாசிடர், மார்க் டூ. மீன் மார்க்கெட்டுக்குப் போய் வர வண்டி. அதை நினைக்காதீங்க. வெள்ளத்துல சீட்டு வரைக்கும் முழுகின வண்டி அது. சந்தே பார்த்துச்சு."

"தண்ணி வடிஞ்சதும் என்ன பண்ணினார்?"

"என்ன பண்ணலை? எங்க எல்லாரையும் கூப்பிட்டு வண்டியையே பிரிச்சார். சீட்டெல்லாம் ஒரு வாரம் எங்க மொட்டைமாடியில காய்ஞ்சுது. சேஸிஸுக்குள்ள குழாயை விட்டுத் தண்ணி தெளிவா வர வரைக்கும் அடிச்சார். நான்தான் குழாயைப் பிடிச்சேன். பிரேக் சிலிண்டர் நாலையும் மாத்தினார். பழசைத் தூக்கிப் போடும்போது சந்துப் பசங்க சண்டை போட்டு எடுத்துட்டுப் போனாங்க…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"இன்னிக்குப் பூரா ஒரு வண்டியைப் பத்தி இவ்வளவு விஷயம் எனக்கு யாரும் சொல்லலை சார்" என்றேன்.

"அம்பாசிடர்ல ரேஸா? கிளப்பே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க முழுசா வருவீங்க."

டாக்சி கிதிர்ப்பூர் பாலத்தைத் தாண்டியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு டிரைவரிடம், "கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றார்.

மேசோமஷாய் வாசலில் லுங்கியோடு நின்று பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார்.

"ஏன்டா ஷேது, ஊரெல்லாம் சுத்தி வண்டி தேடினே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எனக்குக் கண்ணு மங்கிப்போய் அதை விற்கலாமா வேண்டாமான்னு இருக்கேன்."

"உங்க வண்டி ரேஸுக்கு…" என்று சேதுராமன் இழுத்தார்.

"ரேஸுக்கு என்ன? நான் மார்க்கெட்டுக்குப் போற வேகத்தை நீ பார்த்ததில்லையே. ஆறு மணிக்கு மேல போனா இலிஷ் மீன் கிடைக்குமா?"

அவர் வீட்டிலும் சாமிப் படத்துக்கு முன்னால் ஸ்பேனர்கள் படுத்திருந்தன. "இன்னிக்குப் பானெட்டைக்கூடத் திறக்க மாட்டேன்" என்றார். ஆனால் டிரைவர் பக்கக் கதவை விரியத் திறந்து, உள்பக்கத்து அட்டையைக் காட்டினார். பாதிக்கு மேல் ஒரு நிறம், பாதிக்குக் கீழே வேறு நிறம். நடுவில் காப்பிக் கறை போல ஒரு கோடு.

"தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு. எல்லாத்தையும் மாத்தினேன், இந்த அட்டையை மட்டும் மாத்தலை. இதுக்கு மேல என்ன கெட்டாலும் வயசு, இதுக்குக் கீழே என்ன கெட்டாலும் வெள்ளம்னு எனக்குத் தெரியணுமில்ல."

மறுநாள் காலையில் சுத்தியலின் லீவு முடிந்தது. நான் போய்த் தட்டினேன். சேஸிஸ் முழுவதும் கணீரென்று ஒரே சுரம். ஸ்டியரிங் மூட்டு ஒன்று தேய்ந்திருந்தது, மாற்றச் சொல்லி எழுதினேன். மதியத்துக்குள் சேதுராமன் வண்டி எண்ணோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். மேசோமஷாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வண்டி கைமாறினாலும் ஞாயிறு காலை அவரை மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் வர வேண்டும்.

பந்தயமும் ஞாயிறுதான். அதனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் சேதுராமன் மார்க்கெட்டிலிருந்து நேராக ஓடுதளத்துக்கு வருவார். பரிசோதனை மேஜையில் நான் டிக்கியைத் திறந்தால் குப்பென்று மீன் வாடை அடிக்கும். ஒரு முறை ஸ்டெப்னி மேல் பெரிய செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "இதையும் அறிக்கையில எழுதுவீங்களா?" என்று கேட்டார். கிளப்பில் அந்த வண்டிக்கு 'மாச்சேர் காடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மீன் வண்டி. வளைவில் அது கப்பல் போல ஒரு பக்கம் சாயும். வைக்கோல் கட்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து ஓடுவார்கள். சேதுராமன் ஒரு பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை. எந்தப் பந்தயத்திலும் பாதியில் நிற்கவும் இல்லை. கடைசி ஞாயிறன்று மங்களம் முதல் முறையாக வந்து, சந்துக்காரர்களோடு கயிற்றுக்குப் பின்னால் நின்றார். வண்டி எல்லைக் கோட்டைத் தாண்டியதும், "சாப்பாடு எடுத்து வைக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். மேசோமஷாய் பக்கத்திலிருந்த எல்லாரிடமும், "என் வண்டி, என் வண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் அவர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. வண்டியைப் பார்க்க பெஹாலாவிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். அடுத்த குளிர்காலம் ஓட்ட ஆசையாம். சேதுராமன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். வந்தவன் சக்கரத்தை உதைத்துப் பார்த்தான், பானெட்டைத் தட்டினான், எஞ்சினைப் போட்டுக் காட்டச் சொன்னான்.

"எஞ்சின் இருக்கட்டும் தம்பி" என்றார் சேதுராமன். "முதல்ல இங்க வா."

டிரைவர் பக்கக் கதவை விரியத் திறந்து, அவனைக் குனியச் சொல்லி, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.